வெயிலுக்கு விழுந்த கைதட்டல்

2022ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் இரண்டு சர்வதேசத் திரைப்பட விழாக்களைக் கண்டது. கொரோனாவால் தள்ளிப்போன இருபத்தாறாவது கேரளத் திரைப்பட விழா மார்ச்சில் நடந்தது. இருபத்தேழாவது விழா வழக்கம்போல டிசம்பரில். மார்ச் விழாவில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்த படம் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. டிசம்பரில் அதே விருது லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்துக்குப் போனது. அதே டிசம்பரில் நடுவர் குழு தன் உயரிய விருதான சுவர்ண சகோரத்தைப் பொலிவியாவிலிருந்து வந்த ‘உட்டாமா’வுக்கு அளித்தது.

மூன்றும் வெயிலில் எடுக்கப்பட்ட படங்கள். ‘கூழாங்கல்’லில் மேலூர்ப் பக்கத்துப் பொட்டல். ‘நண்பகல்’லில் பழனிப் பக்கத்து ஊரின் மதிய வெளிச்சம். ‘உட்டாமா’வில் மழை பொய்த்த ஆண்டிஸ் மேட்டுநிலம். மூன்றிலும் கதையைவிடக் காட்சிதான் முதலில் பேசப்பட்டது. மழையும் காயலும் பச்சையும் நிறைந்த ஒரு மாநிலத்தின் தலைநகரத்தில், பத்து மாதங்களுக்குள், வெயில் மூன்று முறை கைதட்டல் வாங்கியிருக்கிறது.

இதைக் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு பார்க்கிறவருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தோம். நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினால் தம்பானூரில் இறங்கலாம். இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே கைரளி, ஸ்ரீ, நிளா திரையரங்குகள். விழாவுக்குப் போகும் தமிழர்களில் நாம் வெளியூர்க்காரர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். அதே நேரம் கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. பச்சை முடிந்து பொட்டல் தொடங்குமிடத்தில் வாழ்கிறோம். பச்சைக்குள்ளிருந்து வெயிலைப் பார்த்துக் கைதட்டும் பழக்கத்தின் நிறையையும் குறையையும் சொல்ல நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

விழா அரங்கின் உடனடி எதிர்வினை என்று நான் குறிப்பிடுவது நான்கு செயல்களை. கைதட்டுவது, கூவுவது, பாதியில் எழுந்து போவது, விழா முடிவில் வாக்களிப்பது. இவற்றை மட்டமாகப் பேசும் விமர்சகர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த எதிர்வினை ஒரு சமூகம் அரை நூற்றாண்டாகப் பயின்று பெற்ற திறமை. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அங்கிருந்து கேரளமெங்கும் திரைப்படச் சங்கங்கள் பரவின. 1996இல் விழா பிறந்தது; 1998இல் விழாவை நடத்தும் சலச்சித்ர அகாதமி பிறந்தது. அந்தச் சங்கங்களில் வளர்ந்த பார்வைதான் இன்றைக்கு விழா வரிசையில் நிற்கிறது.

அதன் முதல் வலிமை பொறுமை. விழாவின் போட்டிப் பிரிவு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கானது. தெரிந்த நட்சத்திரம் இல்லை, தெரிந்த மொழி இல்லை, பாட்டு இல்லை. அப்படிப்பட்ட படத்துக்கு ஆட்டோ ஓட்டுநரும் கல்லூரி மாணவியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள்; இடம் இல்லையென்றால் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். உலகிலேயே மிக நிதானமாக நகரும் படங்களை எடுத்தவர்களில் ஒருவரான ஹங்கேரிய இயக்குநர் பேலா தாருக்கு 2022 டிசம்பர் விழா வாழ்நாள் சாதனை விருது தந்தது. அந்த விருதைப் புரிந்து வரவேற்க ஒரு கூட்டம் அந்த ஊரில் இருந்தது. தமிழ்நாட்டில் எந்த ஊரைப் பற்றியும் இப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இரண்டாவது வலிமை, அச்சமின்மை. வீட்டில் தனியாகக் கைப்பேசியில் படம் பார்க்கிறவர், பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடுவார்; அது யாருக்கும் தெரியாது. அரங்கில் எழுந்து போவதும் கூவுவதும் பகிரங்கமான செயல்கள். அவற்றைச் செய்கிறவர் தன் கருத்துக்குத் தன் உடம்பைச் சாட்சியாக நிறுத்துகிறார். கைதட்டலும் அப்படித்தான். ஒரு படத்தைப் பொதுச் சொத்தாக மாற்றுவது இந்தப் பகிரங்கம். ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது; அது நடுவர் குழுவின் முடிவு. திருவனந்தபுரத்தில் கிடைத்த விருது சாதாரணப் பார்வையாளர்கள் போட்ட வாக்கு. தமிழ் தாய்மொழியல்லாத மக்கள், பாட்டும் சண்டையும் இல்லாத ஒரு தமிழ்ப் படத்தைத் தங்கள் படமாக எடுத்துக்கொண்டார்கள். இதை நான் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன்.

குறை எங்கே வருகிறது? கண் நிறைந்த இடத்தில் வருகிறது. காட்சி வலுவான ஒரு படம் முடிந்து அரங்குக்கு வெளியே டீக்கடையில் கூட்டம் நிற்கும்போது அதிகம் காதில் விழும் பாராட்டு, “ஓரோ ஃப்ரேமும் பெயிண்டிங்” என்பது. நம் பையன்கள் “விஷுவல்ஸ் வேற லெவல்” என்பார்கள். பாராட்டு உண்மையானதுதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஓவியம் என்று சொன்னபின் கேட்க ஒன்றும் மிச்சமில்லாததுபோல் ஆகிவிடுகிறது. இயக்குநரோடு நடக்கும் உரையாடலிலும் கேள்விகள் எந்த கேமரா, எத்தனை நாள், எந்த நேரத்து வெளிச்சம் என்றே போகின்றன. அந்த வெளிச்சத்தின் கீழ் நிற்கிறவரைப் பற்றிய கேள்வி வரிசையின் கடைசியில் நிற்கிறது.

‘கூழாங்கல்’லையே எடுத்துக்கொள்வோம். குடிகாரத் தகப்பன் கணபதி, மகன் வேலுவைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைத் தேடி அவள் ஊருக்குப் போகிறான். திரும்பும் வழியில் பையன் பஸ்ஸுக்கான பணத்தைக் கிழித்துவிட, இருவரும் உச்சி வெயிலில் நடக்க வேண்டியதாகிறது. விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன் இருவரின் ஒளிப்பதிவில், அகன்ற நிலத்தில் இரண்டு புள்ளிகளாக அப்பனும் மகனும் நடக்கும் காட்சிகள் பாராட்டப்பட்டன. பாராட்டப்பட வேண்டியவைதான். ஆனால் படத்தின் ஆழமான காட்சி அந்த அகலத்தில் இல்லை. பையன் தாகம் தெரியாமலிருக்க வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு அடக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும் அதைத் துப்பி ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கூழாங்கற்கள் குவிந்திருக்கின்றன. அவ்வளவுதான் காட்டுகிறார் வினோத்ராஜ். இந்த நடை இன்றைக்கு மட்டும் நடந்ததல்ல, இந்தக் குழந்தைக்கு இது வழக்கம் என்பதை ஒரு கற்குவியல் சொல்லிவிடுகிறது.

கடைசியில் வரும் ஊற்றுக் காட்சியும் அப்படித்தான். பள்ளத்தில் கசியும் தண்ணீரைப் பெண்கள் சிறுகச் சிறுக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். கேமரா விலகாமல் நிற்கிறது. குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகுமோ அந்த நேரத்தின் பாரத்தைப் பார்வையாளர் மேல் ஏற்றுகிறது. இங்கே அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘உட்டாமா’வில் சீஸா என்னும் மூதாட்டி தண்ணீருக்காக நடக்கும் நடையும் இதே கேள்வியைத்தான் எழுப்புகிறது. அந்தப் படத்தின் இயக்குநர் அலெஹாந்த்ரோ லோய்சா கிரிசி புகைப்படக் கலையிலிருந்து வந்தவர். கண்ணைக் கட்டிப்போடத் தெரிந்தவர். ஆனாலும் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது யார் என்பதை அவர் மறைக்கவில்லை. பார்வையாளர்களும் அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். நிலப்பரப்பைப் பேசினார்கள்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. நிலத்தை அழகென்று பார்க்கும் கண், அதை இயல்பிலேயே வறண்டதென்று முடிவுகட்டிவிடும். ‘கூழாங்கல்’ எடுக்கப்பட்டது மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பகுதியில், கோடையில். திரையில் பார்த்தவர்கள் அது எப்போதும் அப்படித்தான் கிடக்கும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அதே 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏரிகளும் ஊற்றுகளும் குன்றுகளும் பலவகைப் பறவைகளும் உள்ள இடம் அது. பின்னர் 2024இல் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெறும் பொட்டல் என்ற பார்வை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சுரங்கக் கண்ணுக்கும் அங்கே கல்லும் மண்ணும்தான் தெரிந்தன.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் நமக்குத் தந்த பழைய அறிவு. பாலை ஒரு நிலத்தின் பிறவிக் குணம் அல்ல; அதற்கு நேர்ந்த நிலைமை. நேர்ந்ததென்றால் காரணம் இருக்கும். காரணம் இருந்தால் பொறுப்பும் இருக்கும். கைதட்டலுக்குப் பின் கேட்க வேண்டியது இந்தக் காரணத்தைத்தான்.

இதை விளவங்கோடு வட்டத்துக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாறு அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் 2004 முதல் நின்றுபோனது. சுமார் 9,200 ஏக்கர் பாசனத்தைச் சேர்ந்த விஷயம். தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இதைச் சொல்வது கேரளப் பார்வையாளரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. வரிசையில் நின்று படம் பார்த்த எவரும் மதகை அடைத்தவர் அல்ல. ஆண்டிஸ் மலையின் தாகத்துக்கு உருகிய ஓர் அரங்கு, பக்கத்துக் கால்வாயின் வறட்சியோடு அதைச் சேர்த்து யோசிக்க வாய்ப்பே உருவாகவில்லை என்பதுதான் என் வருத்தம். நாமும் இதில் சுத்தமில்லை. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய நாஞ்சில் நாட்டில் வயல்களைத் தூர்த்து வீட்டுமனை போட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமா? பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று ஒவ்வொரு கன்னிப்பூ, கும்பப்பூ சாகுபடிக்கும் விவசாயி காத்திருக்கிறார். நாமும் ‘கூழாங்கல்’லைப் பார்த்து “செம விஷுவல்” என்றுதான் சொன்னோம்.

மூன்றாவது குறை வாக்கெடுப்பின் அமைப்பில் இருக்கிறது. பார்வையாளர் விருது எண்ணிக்கையால் முடிவாவது. எண்ணிக்கை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சார்ந்தது. மம்மூட்டி நடித்த படத்துக்கு வரும் கூட்டமும், பேர் தெரியாத நாட்டிலிருந்து வந்த அறிமுக இயக்குநரின் படத்துக்கு வரும் கூட்டமும் ஒன்றாக இருக்க முடியாது. ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ அந்த விருதுக்குத் தகுதியான படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் முதல் காட்சிக்கே முன்பதிவு செய்தவர்களில் பலருக்கு டாகோர் திரையரங்கில் இடம் கிடைக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது, போலீஸ் வழக்கும் பதிவானது. நிறைவு விழாவில் அகாதமித் தலைவர் ரஞ்சித் பேச வந்தபோது கூவல் எழுந்தது. அந்தக் கூவலை ஒழுங்கீனம் என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. தங்கள் விழா என்று நினைக்கிறவர்கள்தான் அப்படிக் கூவுவார்கள். ஆயினும், ஒரு படத்தைப் பற்றிய பேச்சு முழுவதையும் இடம் கிடைத்ததா இல்லையா என்ற பேச்சு விழுங்கிவிட்டது. விழா முடிந்தபின் நினைவில் நின்றது தகராறு. படத்தின் நுட்பம் அல்ல.

உடனடி எதிர்வினை எவ்வளவு தவறக்கூடும் என்பதற்குத் திரை வரலாற்றில் பேர்பெற்ற சான்று உண்டு. 1960இல் கான் விழாவில் மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் ‘லாவெந்துரா’ திரையிடப்பட்டபோது அரங்கு கூவியது, சிரித்தது. எதுவும் நடக்காததுபோல் நீளும் காட்சிகள் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ரோபெர்த்தோ ரொஸ்ஸெலினி உள்ளிட்ட இயக்குநர்களும் விமர்சகர்களும் படத்தை ஆதரித்து அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். படம் அந்த விழாவிலேயே நடுவர் குழுப் பரிசு வாங்கியது. 2011இல் டெரன்ஸ் மாலிக்கின் ‘தி ட்ரீ ஆஃப் லைஃப்’ அதே கானில் கூவலும் வாங்கியது, தங்கப் பனையும் வாங்கியது. இந்தக் கதையை எல்லோரும் கூவியவர்களைக் கேலி செய்யவே சொல்வார்கள். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. கூவலுக்குப் பதில் வந்தது. ‘லாவெந்துரா’வை ஆதரித்தவர்கள் மறுநாளே காரணம் சொல்லி மறுத்தார்கள். வெறுப்புக்கு விவாதம் கிடைக்கிறது. கைதட்டலுக்கு விவாதம் கிடைப்பதில்லை. அதனால் தவறான கூவலைவிட மேலோட்டமான கைதட்டல் நீண்ட நாள் திருத்தப்படாமல் நிற்கிறது.

‘நண்பகல்’லின் வரவேற்பில் இதைக் காணலாம். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் ஒரு மலையாளிக் கூட்டம். மதியத் தூக்கம் கலைந்த ஜேம்ஸ், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். சோளக்காட்டு வழியாக நடந்து, முன்பின் அறியாத ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல் போன சுந்தரமாகத் தமிழ் பேசத் தொடங்குகிறார். தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் அசைவதே இல்லை. வாசல், ஜன்னல், திண்ணை என்று கட்டத்துக்குள் கட்டமாக ஊர் தெரிகிறது. எல்லோரும் அந்தக் கட்டங்களைப் பாராட்டினார்கள்.

ஆனால் அந்தப் படத்தின் பாதி காதில் நடக்கிறது. எங்கோ ஒரு ரேடியோவிலிருந்தும் டி.வி.யிலிருந்தும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. அசையாத காட்சிக்கு அடியில் ஓயாத ஒலி ஓடுவதால்தான் அந்த மதியம் மயக்கமாகிறது. படத்தின் மையச் சம்பவமே ஒரு மனிதரின் வாயில் மொழி மாறுவது. ஆங்கிலத் துணைவரியை நம்பிப் பார்க்கிறவருக்கு இரண்டு மொழியும் ஒரே எழுத்தாகிவிடும். குழித்துறையிலும் களியக்காவிளையிலும் வளர்ந்தவருக்கு அப்படியல்ல. ஒரே வீட்டுத் திண்ணையில் இரண்டு மொழியும் புழங்குவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஜேம்ஸ் தமிழ் பேசுவது அற்புதம் என்று மற்றவர்கள் வியக்கும்போது, மொழி மாறினால் ஆளும் கொஞ்சம் மாறுவார் என்பது நமக்கு அன்றாட அனுபவம். வியப்பு தணிந்த இடத்தில் வேறு கேள்வி பிறக்கிறது. சுந்தரத்தின் மனைவி பூங்குழலியின் நிலை என்ன? புருஷன் வேறொருவர் உடம்பில் ஒரு நாள் வந்து போகிறார். அவள் அதிகம் பேசுவதில்லை. மறுபக்கம் ஜேம்ஸின் மனைவி சாலியும் அந்நிய ஊர்த் திண்ணையில் செய்வதறியாமல் இருக்கிறாள். அசையாத கேமரா இரண்டு பெண்களையும் ஒரே தூரத்தில் வைத்துப் பார்க்கிறது. அந்தத் தூரம் மரியாதையா, அக்கறைக் குறைவா? இந்த விவாதம்தான் அந்தப் படத்துக்குச் செய்யும் நியாயம். மம்மூட்டியின் நடிப்புக்கு விழுந்த பலத்த கைதட்டலில் அது எழாமலே போயிற்று.

என்ன செய்யலாம்? விழாவை நடத்துகிறவர்கள் பார்வையாளர் வாக்கைக் கைவிடக் கூடாது. வாக்கோடு இரண்டு வரிக் காரணமும் கேட்கலாம். அந்தக் காரணங்களை மொழி வாரியாக வெளியிடலாம். ஒவ்வொரு போட்டிப் படமும் ஒரே அளவு இருக்கைகள் உள்ள அரங்குகளில் ஒரே எண்ணிக்கையில் திரையிடப்பட்டால் வாக்கின் நேர்மை கூடும். இயக்குநரோடான உரையாடலைப் படம் முடிந்த சூட்டில் நடத்தாமல், மறுநாள் காலைக்குத் தள்ளி வைக்கலாம். ஓர் இரவு தூங்கி எழுந்தவரின் கேள்வி கேமராவிலிருந்து மனிதருக்கு நகர்ந்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியது இதைவிட அதிகம். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டி இலக்கியம் பேச வைத்தார். ஒரு கதையை அக்குவேறு ஆணிவேறாகப் பேசும் பொறுமை இந்த ஊருக்குப் புதிதல்ல. அதே பொறுமையைத் திரைப்படத்துக்கும் கொடுக்க நம்மால் முடியும். டிசம்பரில் பார்த்த படங்களை ஜனவரியில் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் கூடிப் பேசலாம். அனுமதி பெற்றுத் திரையிடலாம். ‘கூழாங்கல்’லைத் தோவாளையின் கடைமடை விவசாயிகளோடு உட்கார்ந்து பார்த்தால் ஊற்றுக் காட்சிக்கு எந்த விழா அரங்கிலும் கிடைக்காத விளக்கம் கிடைக்கும். தண்ணீருக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்களின் விமர்சனம் அது. அப்படி வந்ததைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதித் திருவனந்தபுரத்துக்கே அனுப்ப வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் செய்யாவிட்டால் அதை வேறு யார் செய்வார்கள்?

கைதட்டல் ஒரு படத்துக்கு நாம் கொடுக்கும் முதல் பதில். முதல் பதிலாக அது நேர்மையானது, தேவையானது. அதையே கடைசிப் பதிலாக்கிக்கொண்டதுதான் நம் விழாக்களின் குறை. நிலம் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று வியந்தவர், இங்கே தண்ணீர் எங்கே போனது, அதைச் சுமப்பது யார் என்றும் கேட்கும்போதுதான் அந்தப் படம் முழுமையாகப் பார்க்கப்படுகிறது. இந்தக் கேள்வியை விழாவுக்குக் கொண்டுபோவது, பச்சைக்கும் பொட்டலுக்கும் நடுவே வாழும் குமரி மாவட்டத்துப் பார்வையாளரின் வேலை.